படத்துக்கு முந்தி வருகிறவர்

மனிதர்களில் முந்திச்சொல்லி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தியில் இலை போடும்போதே பாயசத்தில் இனிப்பு பத்தாது என்பார். பஸ்ஸுக்குக் காத்து நின்றால் அது பரளச்சியிலேயே பஞ்சராகி நிற்கிறது என்பார். வானம் இருட்டிக்கொண்டு வந்து, மல்லி விதைத்தவன் அண்ணாந்து பார்த்து மனம் குளிர்கிற நேரத்தில், இது திருச்சுழிக்கு மேற்கேயே கலைந்துவிடும் என்பார். சில நேரம் கலைந்தும் விடும். அதுதான் பெரிய துன்பம்.

புதுப்படம் வந்துவிட்டாலோ இந்த இனத்தைப் பிடிக்க முடியாது. வீரசோழனில் உரக்கடை வைத்திருக்கும் பால்ச்சாமியைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் கடைக்கு எதிர்வீடு ஜன்னத்துடையது. கணவன் முகம்மது அனீஸுக்குக் குவைத்தில் வேலை. கல்யாணமான புதிதில் இருவரும் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரே ஒரு படம் பார்த்தார்கள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் மூன்று பேர் பறக்கும் கப்பலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்திறங்கி, மாப்பிள்ளைக்கு மாமியாராகப் போகிற பெண்ணின் அம்மாவிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற சிரிப்புப் படம். பத்தாம் நாள் அனீஸ் விமானம் ஏறிவிட்டான்.

இப்போது அதன் இரண்டாம் பாகம். குவைத்திலேயே தியேட்டரில் ஓடியது, அனீஸ் போகவில்லை. வீட்டு டிவிக்கு வரட்டும், ஒரு வெள்ளிக்கிழமை அங்கே அவனும் இங்கே இவளும் போனில் முகம் பார்த்தபடி, ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சிரிக்கலாம் என்று பேசிவைத்து, கதையில் ஒரு சொல்கூடக் காதில் விழாமல் இரண்டு மாதம் காத்துக் கிடந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. மாலை நாலு மணி. ஜன்னத் டிவி பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பால்ச்சாமி.

“அந்த வேத்துக்கிரகப் படமா தங்கச்சி? நல்ல படம். அந்த மாமியாருதான் வேத்துக்கிரகத்து ஆளு. கடைசில அவுகளும் கப்பல்ல ஏறிப் போயிருவாக. பாரு, நான் சொல்லல.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு “நான் சொல்லல” என்பது இந்த இனத்தின் முத்திரை. சொன்னதோடு போனாரா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

ஜன்னத் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தனக்கு முடிவு தெரிந்துபோயிற்று, நீங்கள் மட்டும் பாருங்கள் என்றாள். அனீஸ் விடவில்லை.

“என்கிட்ட மட்டும் சொல்லிராத. தெரியாத மாதிரி என்கூட உக்காந்து சிரி, ஜன்னத். எனக்கு அது போதும்.”

அவனுக்காக உட்கார்ந்தாள். அவன் சிரித்தபோதெல்லாம் அவளும் சிரித்தாள், பொய்ச்சிரிப்பு. மாமியார் வரும் இடமெல்லாம் பால்ச்சாமி தொண்டையைச் செருமி, பார்த்துக்கொள் என்று சைகை காட்டினார்.

கடைசிக் காட்சி வந்தது. கப்பல் இறங்கியது. மாமியார் ஏறவில்லை. வாசலிலேயே நின்று, சாப்பிடாமல் ஒருத்தனும் கிளம்பக் கூடாது என்றாள். மூன்று பேரும் நடுங்கிப்போய்த் தங்கள் கப்பலைக் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டு, அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளைகளாகிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் நம்மூர் மனுஷிதான். வேறு கிரகத்தில் அப்படி ஒருத்தி பிறக்க முடியாது.

ஜன்னத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அங்கே அனீஸும் போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். திரையில் அவன் அறையின் விட்டம்தான் தெரிந்தது, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பத்து நாள் குடித்தனத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மூச்சு வாங்கிய பிறகு ஜன்னத் திரும்பினாள். “அண்ணே, நீங்க இந்தப் படத்தப் பாத்தீகளா?”

பார்க்கவில்லை. முடிதிருத்தும் கடையில் யாரோ சொன்னது. ஆனால் முந்திச்சொல்லி தோற்றதாக வரலாறு உண்டா? பால்ச்சாமி நிதானமாக எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

“நான் சொன்னது மூணாம் பாகத்துல வரும்மா.”

சிரிக்கிறீர்கள். சரி, இதைப் படிக்காத ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். பால்ச்சாமி கடைசியில் என்ன சொன்னார் என்பதை அவரிடம் உடனே சொல்ல உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா? கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லல.