மாவுப்பூச்சிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்

கள்ளக்குறிச்சி,
சனிக்கிழமை.

வடக்கனந்தல் அம்மாசி மாமா அவர்களின் சமூகத்திற்கு, அக்காள் மகன் செழியன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முதுகும் சுமாரான நலம். அங்கு நீங்கள், குஞ்சம்மாள் அத்தை, மாடு கன்றுகள் எல்லாம் நலமா? முக்கியமாக, மேற்கு வயல் மரவள்ளியில் இருக்கும் மாவுப்பூச்சிகள் குடும்பம் குட்டியோடு நலமாக இருக்க வேண்டும் என்று மூன்று நாளாகச் சாமியைக் கும்பிட்டு வருகிறேன். படித்த பையனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். விஷயத்தைக் கேளுங்கள்.

மாமா, நம் திட்டம் முதல் சுற்றில் தேறிவிட்டது! மரவள்ளியில் மாவுப்பூச்சியை மருந்தடிக்காமல் ஒழிப்பது எப்படி என்று மூன்று வருடம் ஆராய்ச்சி செய்ய, பல்கலைக்கழகம் மூலமாக அரசாங்கத்திடம் நிதி கேட்டு எழுதினேன் அல்லவா, அதுதான். கிடைத்தால் மூன்று வருடத்துக்கு என் வேலை அசையாது. கிடைக்காவிட்டால் இந்த மாதக் கடைசியோடு தற்காலிக விரிவுரையாளர் பதவிக்குக் கும்பிடு. "இன்னாடா வேல அது, வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாரி புதுசா வாங்கிக்கினு?" என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு இந்த முறையாவது பதில் சொல்லிவிடுவேன்.

இந்தத் திட்டத்தை எழுதி அனுப்புவதற்குள் பட்ட பாடு நாய் படாத பாடு மாமா. எங்கள் துறைத்தலைவர் விஜயலட்சுமி மேடம், "மூணு நோக்கம் எப்படிப் பத்தும்? ஏழாவது வேணும்" என்றார். எனக்கு இருந்ததோ ஒரே நோக்கம், வேலை. சரி என்று நண்பன் பிரிட்டோ போன வருடம் ஆடு வளர்ப்புக்கு எழுதிய திட்டத்தை வாங்கி, கணினியில் 'ஆடு' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'மரவள்ளி' என்று ஒரே தட்டில் மாற்றினேன். அனுப்புகிற அன்று காலை படித்துப் பார்த்தால், மரவள்ளிகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் மாலையில் பட்டியில் அடைக்க வேண்டும் என்று இருக்கிறது! மேடத்திடம் ஓடினேன். அவரோ கண்ணாடியைக் கழற்றாமல், "புதுமைன்னு ஒரு பத்தி கேட்டிருக்காங்களே, அதுல போட்டுடுங்க" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருத்தி முடித்தபோது மணி பன்னிரண்டு, கல்லூரி முதல்வர் கையெழுத்து வாங்கவில்லை, அவரோ சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், மாலை ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அவர் பந்தியில் இரண்டாம் சாதத்தில் இருந்தார். இடது கையில் தாளைப் பிடித்து, வலது கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். துடைத்தது போதவில்லை. ஒப்புதல் பக்கத்தில் சாம்பார், முத்திரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு முத்திரையாக நிற்கிறது. அப்படியே நகலெடுத்து, சுற்றிக்கொண்டே இருந்த இணையதளத்தைக் கெஞ்சிக் கூத்தாடி, நாலு ஐம்பத்தெட்டுக்கு ஏற்றினேன். அந்தச் சாம்பாரையும் தாண்டித் தேறியிருக்கிறோம் மாமா!

இனிமேல்தான் உங்கள் பங்கு. வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிபுணர்கள் வயலைப் பார்க்க வருகிறார்கள். பூச்சித் தாக்குதல் கடுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நிதி. போன மாதம் பெய்த மழையில் மணலூர்பேட்டை வரைக்கும் பூச்சியெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தப்பிப் பிழைத்தது உங்கள் மேற்கு வயலில் மட்டும்தான். திட்டத்தில் நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அந்த வயலுக்குத்தான், இனி மாற்ற முடியாது. ஆகவே மருந்தடிக்க வேண்டாம், தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், ஒரு இலையைக்கூடக் கிள்ள வேண்டாம். புதன்கிழமை போனில், ஆபீசர்கள் வருகிறார்கள் என்று சொன்னதுமே "ம்ம்" என்று வைத்துவிட்டீர்கள், அதனால்தான் மீதியைக் கடிதமாக எழுதி, நாளை அந்தப் பக்கம் வரும் பிரிட்டோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. போன தடவை வேளாண்மை அதிகாரி வந்தபோது, பாதி வயல் காய்ந்து கிடக்க, "நமக்கு இன்னா சார் கொறச்சல், ஜாஸ்தியாவே வெளையுது" என்று மீசையைத் தடவினீர்கள். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும் மீசையில் கை வைக்காமல், "எல்லாம் போச்சுங்க" என்று சொல்லுங்கள். கண் கலங்கினால் இன்னும் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பூச்சிகள் செவ்வாய் மதியம் வரை இருந்தால் போதும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
செழியன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் அத்தையின் போன். "செழியா, ஆபீசருங்க வராங்கன்னு நீ சொன்னதுலேர்ந்து ஒங்க மாமா வூட்லயே தங்கறதில்ல. வர்றவங்க முன்னாடி சீக்குச் செடிய காட்டுனா மானம் போவாதான்னு, மேக்கால வயல்ல கெட்டதெல்லாம் புடுங்கிக் கொளுத்திட்டாரு. இப்ப வரப்புக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீறாரு" என்றாள். பிறகு போனை நீங்களே வாங்கி, "மூணு வருசத்துல ஒழிக்கிறேன்னு எழுதிக் குடுத்தியே, ரெண்டே நாள்ல ஒழிச்சிட்டேன்டா. ஒனக்கு வேல மிச்சம்!" என்றீர்கள். பூச்சி ஒழிந்ததற்காக அழுத முதல் வேளாண்மைப் பட்டதாரி நான்தான் மாமா. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். அதே வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பூச்சியோடு ஒரே ஒரு செடி உங்கள் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது என்று அத்தை ரகசியமாகச் சொன்னாள். திங்கட்கிழமை நான் நேரில் வரும் வரை அதைச் சுற்றி முள் வேலி போட்டு, ஆடு அண்டாமல், கோழி அண்டாமல், முக்கியமாக நீங்கள் அண்டாமல், அத்தையைக் காவலுக்கு உட்கார வைக்கவும்.