நேரம் மிச்சப்படுத்தும் குழு

ஊழியர்களின் பொன்னான நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு குடிநீர் அலுவலகத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டது. குழுவில் வரும் எந்தச் செய்திக்கும் மூன்று நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும். தவறினால் விளக்கக் கடிதம். விடுப்பு நாளும் ஞாயிற்றுக்கிழமையும் குளியலறையும் இதற்கு விலக்கல்ல.

அதிகாரி காலை வணக்கம் போட்டால் நாற்பத்திரண்டு பேர் திருப்பி வணக்கம் போட்டார்கள். அந்த நாற்பத்திரண்டும் செய்திகள்தானே? அவற்றுக்கும் பதில் போட வேண்டியிருந்தது. மதியம்வரை வணங்கியே கை ஓய்ந்தது. குழாய் உடைந்ததென்று நேரில் வந்தவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கே வேலை பார்த்த குமாஸ்தாவுக்கு ஒரே மகள். அவளுடைய பள்ளி ஓட்டப் பந்தயத்துக்கு மூன்று வருஷமாக "வர்றேன்மா" என்று சொல்லிச் சொல்லிப் போகாத மனுஷன். இந்த வருஷமும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும்."

"தாராளமா போங்க. உங்க நேரத்த மிச்சப்படுத்தத்தானேய்யா குழுவே ஆரம்பிச்சது?"

"அப்ப குழுவுக்குப் பதில்...?"

"அத அங்கேர்ந்து போடுங்க. மைதானத்துல சிக்னல் இல்லாமலா போயிடும்?"

குமாஸ்தா நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் அதிகாரியின் பேரனுக்குப் பல் விழுந்த படம் வந்தது. வாழ்த்தினார். வாழ்த்தியவர்களையும் வாழ்த்தினார். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, "ம்... ம்..." என்றார். விசில் சத்தம் கேட்டது. இன்னும் பதினொரு பேர் பாக்கி. தலை நிமிர்ந்தபோது பந்தயம் முடிந்திருந்தது.

விளையாட்டு வாத்தியார் செல்போனும் கையுமாக ஓடி வந்தார். "ஒரு மெசேஜ் பார்த்துட்டிருந்தேன், கவனிக்கல. யாரு முதல்ல வந்தாங்கன்னு நீங்க யாராவது பார்த்தீங்களா?"

முப்பது பெற்றோரும் செல்போனிலிருந்து தலை தூக்கினார்கள். உடனே பெற்றோர் குழுவில் ஜனநாயக முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது. முப்பது பேரும் அவரவர் பிள்ளைதான் முதலிடம் என்று ஓட்டுப் போட்டார்கள். குமாஸ்தாவும் போட்டுவிட்டு மகளைத் தேடினார். அதே பெஞ்சில், அவர் பக்கத்திலேயே, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதாண்டா கண்ணு ஃபர்ஸ்ட்! அப்பா கண்ணால பார்த்தேன்!"

"நான் ஓடவே இல்லப்பா. கால் சுளுக்கிடுச்சுன்னு அப்பவே சொன்னேனே, நீயும் 'ம்'னு சொன்னியே."