தனி ஆளாக ஒரு அனாடமி டிபார்ட்மென்ட்

தன் லீவைத் தானே கேன்சல் செய்துகொண்ட ஒரே மனிதர் இந்தியாவிலேயே எங்கள் ‘டிபார்ட்மென்ட்’ ஒருவர்தான்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ். பேர் எதற்கு, வம்பு. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு அங்கே அனாடமியில் டியூட்டராகச் சேர்ந்தேன். போர்டில் வரிசையாக டாக்டர்கள் பெயர். உள்ளே போனால் ஒரே ஒருத்தர். மற்றவர்கள் எங்கே சார் என்று கேட்டால், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதனால்தான் பசங்க அவருக்கு டிபார்ட்மென்ட் என்றே பேர் வைத்திருந்தார்கள். மச்சினர் மகள் கல்யாணத்துக்கு லீவ் எழுதியவர், ஹெச்.ஓ.டி. என்கிற முறையில் அதைத் தானே வாங்கிப் படித்து, பாடம் எடுக்க ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார். அவர் வீட்டம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

உடலை அறுத்துப் பார்க்கும் ஹாலில் ஆறு டேபிள். டேபிளைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க நாங்கள் ரெண்டே பேர். ஒரு நாள் ஒரு டேபிளில், தேடவேண்டிய நரம்பையே வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, காணோம் சார் என்று நின்றார்கள். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். நான் இங்கே நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆள் பற்றாக்குறைக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், கோட்டு. வெள்ளைக் கோட்டின் மேலேயே கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாம் மார்க்கரில் வரைந்துகொண்டு டேபிள் டேபிளாக நடப்பார். சாயங்காலம் அதே கோலத்தில் ஆம்பூர் பஸ் ஏறுவார். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் சும்மா விடுவார்களா? எனக்கு இங்க குத்துது டாக்டரே, உங்க கோட்டுல அது இன்னா என்று ஆளாளுக்கு விரலை வைப்பார்கள். ஆம்பூர் வருவதற்குள் பாதி சிலபஸ் முடிந்துவிடும்.

அப்போதுதான் வாத்தியார் கணக்கு எடுக்க இன்ஸ்பெக்ஷன் வந்தது. காலையில் ஒரு வேனில் ஐந்து டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் வாடகை புரொபசர்கள். கைரேகை மெஷின் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். கையெழுத்து, பிரியாணி, சாயங்காலம் வீடு என்றுதான் அவர்களிடம் பேச்சு. இவங்க உங்க ஸ்டாஃப் என்று மட்டும் சொன்னால் போதும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டுப் போனார்.

நம்மாள் முகத்தைப் பார்க்கணுமே! சம்பந்தி வீட்டாரைக் கவனிப்பதுபோல் ஆளுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் கொடுத்து, டேபிளுக்கு ஒருவராக நிறுத்திவிட்டார். ஆற்காட்டில் கிளினிக் வைத்திருந்த ஒருவர், இதெல்லாம் மறந்தே போச்சு சார் என்று பம்மினார். புக்கு இருக்கு, பசங்க இருக்காங்க, சேர்ந்து தேடுங்க என்று இவர் தள்ளிவிட்டார். வாத்தியாருக்குக் காய்ந்து கிடந்த பிள்ளைகள், ஒரு வருஷத்துச் சந்தேகத்தை மொத்தமாகக் கொட்டினார்கள். ஆற்காட்டுக்காரர் சூடு பிடித்து, டீக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டாஃப்தான் என்று இவர் சொன்னால் பிள்ளைகளுக்கு என்றைக்கும் வாத்தியார் வரப்போவதில்லை. இல்லை என்று சொன்னால் இவர் வேலை காலி.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் அசந்துபோய், இவங்கல்லாம் எப்போலேர்ந்து இங்க இருக்காங்க என்று கேட்டார்.

“காலைல ஒம்போது மணிலேர்ந்து சார்.”

பிரின்சிபாலுக்கு வேர்த்துவிட்டது. நம்மாள் நிறுத்தவில்லை.

“சாயந்திரம் போய்டுவாங்க. போக விடாதீங்க சார். பசங்க பாவம்.”

ஆள் போட்டால்தான் அடுத்த வருஷம் சீட் என்று உத்தரவு வந்தது. நிர்வாகத்துக்கு வந்த கோபத்துக்கு அவரை அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். அனுப்பினால் பாடம் எடுக்க யார்? புது ஆட்கள் சேரும்வரை இருங்கள், அப்புறம் வரவேண்டாம் என்றார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தெரிந்த டாக்டருக்கெல்லாம் தானே போன் போட்டு ஆள் பிடித்தார். உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சிக்கிறீங்களே சார் என்று சண்டை போட்டேன். ஆமாம்மா என்று சிரித்துக்கொண்டே அடுத்த நம்பரை அழுத்தினார்.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். கடைசி நாள் ஹால் வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு டேபிளிலும் ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவருக்குச் செய்ய வேலையே இல்லை.

“பார்த்தியாம்மா, ஒரு டேபிளும் காலியா இல்ல” என்றார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

என் டேபிளில் பசங்களுக்கு ஏதோ சந்தேகமாம், உங்களைத்தான் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.