மண் இல்லாத மண்ணும் விசில் மாமாவும்

அன்புள்ள அக்காவுக்கு,

புல் பிடிச்சிடுச்சு அக்கா, நிஜப் புல், பச்சைப் பசேல்னு, கான்கிரீட் மேல, நானே கலந்த மண்ணுல!

நீயும் அத்தானும் பாப்பாவும் நலமா? இங்கே அம்மா, அப்பா நலம். நானும் நலம், நகம் மட்டும் கறுப்பு.

பாப்பா எழுந்து நிக்கற வீடியோவை நீ அனுப்பின அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அவ முதல் அடியை நம்ம குடியிருப்பு முற்றத்துக் கான்கிரீட்ல வைக்கக் கூடாதுன்னு. முற்றத்துக்கு அடியில கார் நிறுத்தற இடம். நிஜ மண்ணைக் கொட்டினா தளம் தாங்காது. அதனால பிளாஸ்டிக் புல் விரிக்கலாம்னு சங்கச் செயலாளர் கிளம்பிட்டார். அதான், பிள்ளைங்க ஓடினாலே விசில் ஊதுவாரே, அந்த விசில் மாமா. நான் விடுவேனா? கனமில்லாத மண் செய்யற வீடியோ ஒண்ணு விடாம பார்த்தவ நான்! "ஒரு மூலை மட்டும் குடுங்க மாமா. பிள்ளைங்க ஒரு வாரம் மிதிச்சு ஆடட்டும். புல் செத்தா உங்க பிளாஸ்டிக்கை நானே விரிக்கறேன்"னு சவால் விட்டேன்.

முதல் கலவை, தேங்காய் நார்த்தூளும் தெர்மாகோல் உருண்டையும். இறகு மாதிரி லேசு. அதுதான் வினை. தண்ணி விட்டதும் உருண்டையெல்லாம் மிதந்துச்சு, காஞ்சதும் பறந்துச்சு, பறந்து மூணாவது மாடி வக்கீல் காயப்போட்ட கறுப்புக் கோட்டுல போய் ஒட்டிக்கிச்சு. "ஏம்மா, கோர்ட்டே எனக்குப் பொடுகுன்னு நினைச்சிடுச்சு!"ன்னு ஒரே கத்தல். சரின்னு தெர்மாகோலைத் தூக்கிட்டு, பாப்பாவுக்குச் சின்னதாப் போச்சுன்னு நீ விட்டுட்டுப் போன புது டயப்பரையெல்லாம் வெட்டி, தண்ணியை உறிஞ்சுற அந்தத் தூளை நார்த்தூள்ல கொட்டினேன். காலையில மழை. தரை ஒரு சாண் உப்பி எழுந்து தளதளன்னு ஆடுது! விசில் மாமா கால் வெச்சார். கால் திரும்பி வந்துச்சு, ஷூ வரலை.

"என்னம்மா இது?"

"மண்ணு தண்ணி குடிச்சிருக்கு மாமா."

"குடிச்சது அது, தள்ளாடறது நானா!"

அம்மா ஜன்னல்லேருந்து, "உன்னைப் பெத்ததுக்கு ஒரு தொட்டிச் செடி வாங்கியிருக்கலாம்டி"ன்னாங்க.

அசரலை. அப்புறம்தான் புரிஞ்சுது அக்கா, புல்லைக் கொல்றது மிதி இல்லை. மிதிபட்டு மண் இறுகி, வேருக்குக் காத்துப் போகாம ஆகுது பாரு, அதுதான் கொல்லுது. உடைஞ்ச செங்கல்லைப் பட்டாணி அளவுக்குச் சலிச்சு, கொஞ்சம் பருமணல், நார்த்தூள், மக்கின எரு சேர்த்துக் கலந்து, தளம் தாங்கற மாதிரி நாலு விரல் உசரம்தான் பரப்பினேன். எவ்வளவு மிதிச்சாலும் செங்கல் துண்டுகளுக்கு நடுவுல இடைவெளி நிக்குது. மேல புல் பத்தைகளைப் பதிச்சு, வேர் பிடிச்சதும் பிள்ளைங்களை அவிழ்த்து விட்டேன். ஒரு வாரம் பந்து, சைக்கிள், குஸ்தி! நேத்து விசில் மாமா தீர்ப்பு சொல்ல வந்தார். குனிஞ்சு ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தார். வரலை. செருப்பைக் கழட்டிட்டு நின்னார். "முற்றம் முழுக்கப் போடும்மா"ன்னுட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடு. அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்குக் கன்னத்துல ரெண்டு, பாதத்துல ரெண்டு முத்தம்.

இப்படிக்கு,
கறுப்பு நகத்துத் தங்கச்சி

பி.கு.: இப்பதான் கீழ போனேன். புல்லைச் சுத்திக் கயிறு! 'புல்லை மிதிக்காதீர்'னு பலகை! நடுவுல நாற்காலி போட்டு வெறுங்காலோட விசில் மாமா! "மிதிக்கத்தானே மாமா வளர்த்தோம்?"ன்னு கேட்டா, "இதைப் போய் மிதிக்க எப்படிம்மா மனசு வரும்?"ங்கறார், மிதிச்சுக்கிட்டே. அதனால நீ மட்டும் வந்தா பத்தாது. இதைக் குடும்பக் குரூப்புல போடு. பெரியம்மா, சித்தப்பா, அத்தை வீட்டுப் பட்டாளம் எல்லாரும் வரணும், வர்றவங்க பதிலுக்குக் குரூப்புல வெறுங்கால் படம் ஒண்ணு போடணும், எத்தனை கால் மிதிக்க வருதுன்னு நான் எண்ணணும். பாப்பாவோட ரெண்டு காலையும் நான் இப்பவே கணக்குல சேர்த்துட்டேன்.