கவுன்டி அங்கிளின் மூன்று ஞாயிறுகள்

அமெரிக்காவில், டெக்சாஸின் ஆலன் ஊரில் மிகக் குறைந்த நாள் கிரிக்கெட் ஆடி, மிக அதிகமாகத் திட்டு வாங்கியவர் கவுன்டி அங்கிள்தான். மொத்தம் மூன்றே ஞாயிறு.

இளவயதில் இங்கிலாந்தில் ஒரு கவுன்டிக்கு, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆடினாராம். எத்தனை மேட்ச் என்று கேட்டால், "ஒண்ணே முக்கால். மிச்சம் மழை" என்பார்.

முதல் ஞாயிறு, டெக்சாஸ் வெயிலில் கம்பளி சுவெட்டரோடு வந்தார்.

"அங்கிள், நூத்தி நாலு டிகிரி! கழட்டுங்க" என்றான் எங்கள் டீம் கேப்டன் பாலா.

"கவுன்டில இதான்பா யூனிஃபார்ம்."

இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு ஓவர் நின்று நான்கு ரன் எடுத்தார். பந்து பழசாகட்டும் என்று காத்திருந்தாராம்.

அடுத்த ஞாயிறு, யாரும் கேட்காமலே அவுட் என்று நடந்து வந்துவிட்டார்.

"பேட்ல பட்டு கீப்பர் கைக்குப் போச்சு."

"அம்பயருக்குக் கேக்கலையே அங்கிள்!"

"எனக்குக் கேட்டுச்சே."

மட்டையைக் கொடுத்தால்தானே வம்பு என்று, மூன்றாவது ஞாயிறு அவரை அம்பயராக நிறுத்தினான் பாலா. எங்கள் லீகில் பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர். ஸ்டம்புக்குப் போகும் பந்து சொந்த டீம்காரன் காலில் பட்டாலும் எல்.பி.டபிள்யூ அவுட் கொடுப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டம். அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை. பாலா ஆடுகிறான். அவன் போனால் மிச்சம் நான் ஒருவன். நான் மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்குபவன். இரண்டு வருடமாக டீமில் எனக்கு ஃபீல்டிங் மட்டும்தான்.

பந்து பாலா காலில் பட்டது. பௌலர் சம்பிரதாயத்துக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டு, அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்தான்.

அங்கிள் விரலைத் தூக்கினார்.

பௌலரே பயந்துவிட்டான். "அங்கிள், நிஜமாவா?"

"அங்கிள், நாம ஒரே டீம்!" என்று அலறினான் பாலா.

"ஸ்டம்ப் யார் டீமுனு பாக்காதுப்பா."

நான் போனேன். முதல் பந்திலேயே போல்டு. தோற்றோம். அங்கிள் அம்பயர் தொப்பியைக் கழற்றுவதற்குள் அவரை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

அவரை வீட்டில் விட யாரும் முன்வரவில்லை. நான்தான் காரில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"உன் முன்கால் கரெக்டா வந்துச்சு. பேட்தான் கொஞ்சம் லேட்டு. அந்தப் பந்து எங்க விழுந்துச்சு, பாத்தியா?"

என் ஆட்டத்தைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரே பந்தைப் பற்றி அவர் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். ஃப்ரீவேயில் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட் வந்தது. நான் திரும்பாமல் நேராகப் போனேன்.