இருபத்தேழு பெண்களும் ஓர் ஒயர் கூடையும்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: பேண்டேஜ் சுற்றும் பெண்கள் முப்பத்து மூன்று பேர், சூப்பர்வைசர் அண்ணாச்சி, முதல் பத்து நிமிடம் மட்டும் முதலாளி, பிறகு நான். பெண்களில் முடிவில் இல்லாதவர் ஒருவர்தான். என் அம்மா. அவளுக்காகத்தான் நான் பேசப் போனேன். அவள் அங்கே இல்லை என்பது பேசி முடிக்கும்வரை எனக்குத் தெரியாது.

அம்மா இருபது வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் பேண்டேஜ் சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. (சம்பளத்தைக் கேட்டால் கௌரவம் எங்கே இருக்கிறது என்று தேடுவீர்கள்.)

ஒருநாள் அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏலே, கம்பெனில மகளிர் தினம் கொண்டாடுதாக. பேச ஆள் வேணுமாம். எம் மவன் இருக்கான்னு சொல்லிட்டேன்."

"எதைப் பத்திம்மா?"

"பொம்பளையளப் பத்தித்தான். பெரிய பெரிய ஆளுக இருந்திருக்காகள்ல, அவியளப் பத்திச் சொல்லு. ஆனா அரை மணி நேரம்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி வந்துரும், ஆஸ்பத்திரி ஆர்டரு. சுத்துற டஜனுக்குத்தான் கூலி, தெரியும்ல?"

"தெரியும்மா."

"அரை மணிக்கு மேல போவாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

தெரியும்தான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? என் பரீட்சைக் கட்டணத்தை அம்மா ரூபாயில் சொன்னதே இல்லை. "இது எம்புட்டு டஜன்?" என்றுதான் கேட்பாள். நான் பி.ஏ. முடிப்பதற்குள் அவள் சுற்றிய துணியை விரித்திருந்தால் மதுரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கலாம்.

ஆனாலும் ஒரு வாரம் உட்கார்ந்து இருபத்தேழு பெண்களைத் தயார் செய்தேன். கோயிலுக்கு நிலம் எழுதி வைத்த அரசிகள், வாளெடுத்த ராணிகள், பாட்டு எழுதிய புலவர்கள், முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள், எங்கள் ஊர்ச் சாமிக்குக் கட்டிய மாலையைத் தானே முதலில் சூடிப் பார்த்தவள். (பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அன்று சொன்னதே போதும்.) இருபத்தெட்டாவதாக அம்மா. அதுதான் உச்சக்கட்டம். அந்த வரியைக் கண்ணாடி முன்னால் நின்று பதினோரு தடவை சொல்லிப் பார்த்தேன்: "இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்!"

இரண்டு மணிக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். எனக்குப் பச்சைக் கரை போட்ட பொன்னாடை போர்த்தினார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நான் கம்பீரமாகத் தெரிவேன் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்ததால் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கையில் இருந்த குறிப்பு நன்றாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் நாட்டில் நடந்த எதுவும் தெரியவில்லை.

அரை மணி ஆனபோது நான் ஆறாவது பெண்ணில் இருந்தேன்.

அண்ணாச்சி ஒரு துண்டுச்சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். பெரிய பேச்சாளர்கள் சீட்டைப் படிக்காமல் புன்னகையோடு பைக்குள் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். போட்டுக்கொண்டேன். கால் மணி கழித்து இன்னொன்று வந்தது. அதையும் போட்டேன். நேயர் விருப்பம் குவிகிறது என்று நினைத்தேன்.

எதிரே மங்கலாக முப்பது நாற்பது கைகள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. உணர்ச்சிவசப்பட்டு முந்தானையைப் பிசைகிறார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். அவர்கள் முந்தானையைப் பேண்டேஜாக நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. சும்மா இருக்கப் பழகாத கைகள்.

பதினான்காவது பெண், போர்க்களத்து ராணி. அவள் உடம்பில் இருந்த காயங்களை நான் ஒவ்வொன்றாக வர்ணித்துக்கொண்டிருந்தபோது முருகேஸ்வரி அக்கா எழுந்தார். அம்மாவுக்கு அடுத்த மெஷினில் இருப்பவர்.

"தம்பி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"ராணிக்கு அம்புட்டு வெட்டுங்கீயளே, கட்டு யாரு போட்டா?"

சிரிப்பு எழுந்தது.

"அது பற்றிய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை," என்றேன்.

"கட்டாமலா இருந்திருப்பாக? துணியை எவளாச்சும் கிழிச்சிருப்பாள்ல. அவ பேரு இல்லையா?"

"நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு, பதில் சொல்லாமல் பதினைந்தாவது பெண்ணுக்குப் போய்விட்டேன். அன்று அந்தக் கொட்டகைக்குள் பேசப்பட்டவற்றில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அதைப் பேசியது நானில்லை.

நாலே காலுக்கு உச்சக்கட்டம் வந்தது. குரலை நடுங்கவிட்டு, கையை நீட்டி, "இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்!" என்றேன்.

கைதட்டல் இல்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். என் விரல் காட்டிய நாற்காலியில் அம்மாவின் ஒயர் கூடை உட்கார்ந்திருந்தது. மேலே தூக்குவாளி வேறு.

தடுப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே, முடிச்சிட்டியா? முடிச்சிட்டா அவியள அனுப்புலே!"

அரை மணி முடிந்ததும் அவள் எழுந்து உள்ளே போயிருக்கிறாள். தான் கொடுத்த வாக்கைத் தானாவது காப்பாற்ற, தனியாக ஒரு மெஷினில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்களால் எழுந்து போக முடியவில்லை. மேடையில் நின்றது அவள் மகன் அல்லவா?

முப்பத்து மூன்று பேரும் ஓடினார்கள். ஐந்து மணிக்கு லாரி வந்தது. சுற்றியிருந்ததை ஏற்றிக்கொண்டது. மிச்ச ஆர்டரை முதலாளி பக்கத்து யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்லாப் பேசுனீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டியது. நான்தான் தொடங்கினேன்.

"உன்னைப் பத்தியும் பேசுனேம்மா."

"கேட்டுச்சு. மைக்கு சத்தம் உள்ள வரைக்கும் வந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆளுக்கு எம்பது ரூவா போச்சு. அன்னத்தாயி மவளுக்கு நாளைக்கு ஃபீஸ் கட்டணும்."

"நான் கொடுத்துருதேம்மா."

"நீ குடுத்தா வாங்குவாகளா? எம் மொகத்துக்காக உக்காந்திருந்தவளுகலே."

வீட்டுக்கு வந்து சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் சீட்டு: 'தம்பி, போதும். லாரி வந்துரும்.' இரண்டாவது சீட்டு: 'தம்பி.'

அடுத்த வாரம் பணத்தோடு போனேன். அம்மா சொன்னதுபோலவே ஒருவரும் வாங்கவில்லை. "டீ வாங்கிக் குடுங்க, போதும்," என்றார் முருகேஸ்வரி அக்கா. "பேசாம வாங்கிக் குடுங்க."

இப்போதும் வீட்டில் அம்மாவைக் காணவில்லை என்றால் தங்கச்சி அடுப்படியைப் பார்த்துக் கையை நீட்டி, "இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்!" என்பாள். நான் எதையாவது நீட்டி முழக்கினால் அம்மா பேசாமல் முந்தானையைச் சுற்ற ஆரம்பிப்பாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் ராணிகள் பாடம் வரும்போதெல்லாம் அக்காவின் கேள்வியை வகுப்பில் கேட்கிறேன். கட்டுப் போட்டவளின் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் அண்ணாச்சி இன்னொரு விஷயம் சொன்னார். அந்தப் பொன்னாடை கம்பெனி வாங்கியதில்லையாம். படித்த பிள்ளை வருகிறான் என்று பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கியதாம். அம்மாவிடம் மட்டும் வாங்கவில்லையாம்.

கூலியில் எண்பது, பொன்னாடைக்குப் பத்து. ஆளுக்குத் தொண்ணூறு வீதம் முப்பத்து மூன்று பேருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்.