மனைவிக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் கணவர்

தனக்குத் துப்பாக்கி வாங்க வருகிற ஆண், கடைக் கதவைத் தோளாலேயே தள்ளிக்கொண்டு நுழைவான். மனைவிக்குத் துப்பாக்கி வாங்க வருபவர் அப்படியல்ல. கதவைப் பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து, மனைவியை முதலில் உள்ளே அனுப்புவார். மரியாதை அத்தோடு முடிந்தது. அதன் பிறகு கடையை விட்டுக் கிளம்பும்வரை அந்த அம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

வாசகரே, இன்றைக்கு நான் உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க விரும்பும் உயிரினம் இவர்தான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில், சோளமும் காற்றும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கும் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு வருடங்களாகத் துப்பாக்கிக் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். என் பெயர் ட்ரூடி. பூமா என்கிற மலைச்சிங்கத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். அது இவரைவிடச் சீக்கிரம் முடிவுக்கு வந்தது; திரும்பி ஓடிவிட்டது.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மனைவி பக்கத்திலேயே நிற்பாள். ஆனால் இவர் அவளைப் பற்றி என்னிடம் பேசுவார். “இவளுக்குக் கை கொஞ்சம் குட்டை.” “இவளுக்குப் பாரம் ஆகாது.” அந்த அம்மாள் வாயைத் திறந்தால், “இரு இரு, ட்ரூடி ஏதோ கேக்கறா” என்பார். நான் எதுவும் கேட்டிருக்கமாட்டேன். பிறகு சட்டைப்பையிலிருந்து இஞ்சுடேப்பை எடுத்து, மனைவியின் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்து, அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, உடனே அதை மறந்துவிட்டு, அலமாரியில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை இறக்கச் சொல்லி, தன் தோளில் அணைத்து, தன் கன்னத்தை அதன் கட்டையில் பதித்து, தன் ஒரு கண்ணை மூடி, சுவரில் தொங்கும் காலண்டரைக் குறிபார்த்து, ஒரு பெருமூச்சும் விடுவார். “ஆகா! இவளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

யாருக்கு?

இதில் ‘ஆப்பிரிக்கா’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். முற்றிய நோயாளி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் லோவெல் ஹூக்ஸ்ட்ரா. தானியம் சேமிக்கும் தகரக் குதிர்கள் விற்பவர். நல்ல மனிதர், யார் வண்டி பனியில் சிக்கினாலும் கயிற்றோடு வந்து நிற்பார். அவர் மனைவி நோரீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்தொரு பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்த்து உட்கார வைப்பாள்.

எங்கள் ஊர் வேட்டைச் சங்கம் பிப்ரவரி மாதம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து வைத்துக் குலுக்கல் நடத்தும். இந்த வருடம் முதல் பரிசு, நமீபியாவில் ஒருவருக்கு மட்டும் ஒரு வாரம் வேட்டை: ஒரு குடு மான். குடு என்பது முறுக்குக் கொம்பு வைத்த, குதிரை உயரத்து மான். லோவெல் வழக்கம்போலக் கைநிறையச் சீட்டு வாங்கினார். நோரீன் கழிப்பறை வரிசையில் நின்றபோது சீட்டு விற்கிறவன் எதிரே வந்துவிட்டதால் ஒன்றே ஒன்று வாங்கினாள்.

பரிசு விழுந்தது யார் சீட்டுக்கு என்று நான் சொல்ல வேண்டுமா?

கூடமே கைதட்டியது. ஆனால் யாரும் நோரீனைப் பார்க்கவில்லை, எல்லோரும் லோவெலைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் படம் போட்ட காலண்டரைப் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகும் கழற்றாத மனிதர் அவர். கை தட்ட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு ஒரு முடிவுக்கு வந்ததுபோல ஒளிர்ந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“துப்பாக்கியை நான் பாத்துக்கறேன்!”

நோரீனிடம் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. துப்பாக்கியை நாங்கள் குழல் அளவின் எண்ணால்தான் சொல்வோம், எண் ஏற ஏற உதையும் ஏறும்; அவளுடையது இருநூற்றெழுபது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் அதை எடுத்துக்கொண்டு போவாள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு மானோடு திரும்புவாள். மறுநாள் கடையில் அவள் அதைத்தான் சொன்னாள்.

“என்கிட்டதான் ஒண்ணு இருக்கே, லோவெல்.”

“அது மானுக்கு, நோரீன்.”

“குடுவும் மான்தானே?”

“ஆப்பிரிக்க மான்!” என்றார் லோவெல், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. “அங்க இதைக் கொண்டு போனா சிரிப்பாங்க. என்ன ட்ரூடி?”

“போற இடத்துல சிரிக்க வைக்கிறதும் நல்லதுதானே” என்றேன். யார் காதில் விழுந்தது?

அன்றிலிருந்து ஏப்ரல் கடைசிவரை லோவெல் என் கடையிலேயே குடியிருந்தார். முதலில் முன்னூறு என்றார். பிறகு அது பத்தாது என்றார். முன்னூற்று முப்பத்தெட்டு என்றார். அதன் கட்டை மரம் ஆப்பிரிக்க வெயிலில் வெடித்துவிடும் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்து ஒரு வாரம் மரத்தைப் பற்றியே பேசினார். எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் தன் தோளில்தான் வைத்துப் பார்த்தார். கடைசியில் முன்னூற்று எழுபத்தைந்தில் வந்து நின்றார். வாசகரே, அது காட்டெருமைக்கும் யானைக்கும் உரிய துப்பாக்கி.

“லோவெல், அவ போற பண்ணையில எருமையே கிடையாது” என்றேன்.

“திடீர்னு வந்துட்டா?”

“எங்கேருந்து?”

“அதான் ட்ரூடி, எருமை சொல்லிட்டா வரும்?”

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக வந்து அதை வாங்கினார். கூடவே ஒரு பழைய உறையைக் கவுன்ட்டரில் வைத்தார். உள்ளே நோரீனின் இருநூற்றெழுபது.

“இதை எடுத்துக்கிட்டு விலையில கழிச்சுக்கோ.”

“நோரீனுக்குத் தெரியுமா?”

“சர்ப்ரைஸ்” என்றார்.

நான் அதை உள் அறையில் ஒளித்து வைத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான். உள்ளே ஃபோன் அடிக்கிறது என்று போய்த் திரும்புவதற்குள் எங்கள் முதலாளி அதைப் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காக்காரர் ஒருவருக்கு விற்று ரசீதும் போட்டுவிட்டார். மறுநாள் நோரீன் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு, தன் துப்பாக்கியைத் தேடி உள்ளே வந்தாள். விற்றுப்போயிற்று என்று தலையை மட்டும் ஆட்டினேன். பழைய துப்பாக்கிகள் தொங்கும் வரிசையில் காலியாக இருந்த கொக்கியை அவள் பார்த்தாள்.

“சரி, பிள்ளைங்க காத்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சுடுதிடலுக்குப் போனார்கள். முதல் தோட்டாவிலேயே துப்பாக்கி உதைத்தது. நோரீன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள், மேலே பொருத்தியிருந்த தொலைநோக்கி வந்து அவள் புருவத்தில் பிறை நிலா வடிவில் ஒரு முத்திரை குத்தியது. “முதல்ல அப்படித்தான் இருக்கும்” என்றார் லோவெல். இன்னும் ஐந்து தோட்டா சுட வைத்தார். தோளில் ஒரு வெள்ளரிப்பழம் அளவுக்கு ஊதா நிறம் ஏறியது.

திங்கட்கிழமை பேருந்தில் முப்பத்தொரு பிள்ளைகளும் அவள் கண்ணைப் பார்த்தார்கள்.

“யாரு அடிச்சாங்க, மிஸஸ் ஹூக்ஸ்ட்ரா?”

“லோவெல் வாங்கிக் குடுத்தது” என்றாள் நோரீன், ரோட்டைப் பார்த்தபடி.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். வீடுகளிலிருந்து செய்தி தேவாலயத்துக்குப் போனது. புதன்கிழமை மாலை லோவெல் என் கவுன்ட்டரில் சாய்ந்து தொலைநோக்கிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் இளம் பாஸ்டர் உள்ளே வந்தார். துப்பாக்கிகளைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டே லோவெலின் தோளில் கை வைத்தார்.

“லோவெல், குடும்பம்னா கோபதாபம் இருக்கத்தான் செய்யும். ஆனா நோரீன் முகத்தைப் பாத்தேன். மனசு கேக்கலை.”

“எனக்கும்தான் பாஸ்டர். முன்னூத்தி எழுபத்தஞ்சுன்னா சும்மாவா?”

பாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “எத்தனை தடவைங்கறது முக்கியமில்லை, லோவெல். ஒரு தடவைன்னாலும் தப்புதான்.”

“ஒரு தடவையில எப்படிப் பழகும்? நானே பக்கத்துல நின்னு ஆறு தடவை—”

நான் குறுக்கே புகுந்து விளக்கியிருக்காவிட்டால் லோவெல் அன்றைக்கு ஷெரிஃப் முன்னால் நின்றிருப்பார். பாஸ்டர் நாற்காலி கேட்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

வேடிக்கை அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் நோரீனுக்குக் கண் சிமிட்டல் வந்துவிட்டது. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது. விசையில் விரல் பட்டதும் கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் பின்னுக்குப் போகும். பதினெட்டு வருடம் குறி தவறாதவள் அடுத்த சனிக்கிழமை ஒரு கதவளவு அட்டையைத் தவறவிட்டாள். துப்பாக்கியை மேசையில் மெதுவாக வைத்தாள்.

“நான் போகலை. சீட்டை நீயே எடுத்துக்கோ. போகணும்னு ஆசைப்பட்டது நீதானே.”

அன்று மத்தியானம் லோவெல் என் கடைக்கு வந்தார். எந்தத் துப்பாக்கியையும் இறக்கச் சொல்லவில்லை.

“அவ குடுத்துட்டா, ட்ரூடி. எனக்கே குடுத்துட்டா.”

“அப்புறம் என்ன? போயிட்டு வா.”

“கோபமா குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்” என்றார். “சாதாரணமா குடுத்தா. சாப்பிட்டு மிச்சமானதைத் தள்ளி வைக்கிற மாதிரி.” தொப்பியைக் கழற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அந்த நெப்ராஸ்காக்காரன் அட்ரஸ் இருக்கா?”

கொடுக்கக் கூடாதுதான். கொடுத்தேன்.

ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார். நெப்ராஸ்காக்காரர் முதலில் முடியாது என்றாராம். அந்த இருநூற்றெழுபதைத் தன் மனைவிக்காகத்தான் வாங்கினாராம், அந்த அம்மாளுக்கும் அது மிகவும் பிடித்துப் போயிற்றாம். லோவெல் வண்டியிலிருந்து முன்னூற்று எழுபத்தைந்தை எடுத்துக் காட்டினார். நெப்ராஸ்காக்காரர் அதைத் தன் தோளில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். பெருமூச்சு விட்டார்.

“இது என் பொண்டாட்டிக்குக் கச்சிதமா இருக்குமே!”

பின்னால் வாசற்படியில் நின்ற அந்த அம்மாளின் முகத்தைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்று லோவெல் பிறகு என்னிடம் சொன்னார். பாவம், இவர் பார்வையிலும் ஏதோ கோளாறு சரியாகிக்கொண்டு வந்தது.

தன் துப்பாக்கி திரும்பி வந்ததும் நோரீன் மூன்று தோட்டா சுட்டாள். மூன்றாவதற்குக் கண் திறந்தே இருந்தது. லோவெலுக்கு நன்றி சொல்லவில்லை. அவர் தட்டில் இரண்டாவது துண்டு ஆப்பிள் பை வைத்தாள். இரண்டு நாளில் விமானம். லோவெல் அவளைச் சூ ஃபால்ஸ் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு, துப்பாக்கி அனுமதிக் காகிதங்களையெல்லாம் தானே நிரப்பி அடுக்கிக் கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் அவர் என் கவுன்ட்டரில் இருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது. நோரீன், நமீபியாவிலிருந்து. சத்தம் எனக்கும் கேட்டது.

“லோவெல், நீ குடுத்த தாள்ல என்ன நம்பர் எழுதியிருக்கு?”

“உன் துப்பாக்கி நம்பர்.”

“எந்தத் துப்பாக்கி?”

லோவெல் நெற்றியில் அடித்துக்கொண்டார். தாள்களை அவர் நிரப்பியது புதுத் துப்பாக்கி வாங்கிய வாரம். முன்னூற்று எழுபத்தைந்துக்கு.

“இங்கே ஏர்போர்ட் போலீஸ் ரொம்ப மரியாதையா பேசறாங்க. நம்பர் ஒத்துப்போகலையாம். ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கோங்கன்னு பெட்டியில பூட்டி வெச்சுட்டாங்க. கார் வந்துடுச்சு, வெச்சுடறேன்.”

அடுத்த மூன்று நாள் லோவெல் இருந்த நிலையை எழுதினால் நீங்கள் எனக்குத்தான் இரக்கமில்லை என்பீர்கள். சவரம் செய்யவில்லை. குதிர் வாங்க வந்தவருக்கு விலையைக் குறைத்துச் சொன்னார். “வெறுங்கையோட அனுப்பிட்டேன், ட்ரூடி” என்பார். “இத்தனை மாசம் தேர்ந்தெடுத்து, வெறுங்கையோட.” நாலாம் நாள் மறுபடி ஃபோன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் நானே பொத்தானை அழுத்தினேன்.

“விழுந்துடுச்சு” என்றாள் நோரீன். “பெரிசு. கொம்பு என் உயரம் இருக்கு.”

லோவெல் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. “எத்தனை தோட்டா?”

“ஒண்ணு.”

“துப்பாக்கி?”

“பண்ணைக்காரர் வீட்டம்மா இரவல் குடுத்தாங்க.”

“என்ன ரகம்? என்ன அளவு?”

“தெரியலை. கேக்கலை.”

“நோரீன்! ஏதாவது எழுதியிருக்குமே!”

“பழுப்பு நிறம், லோவெல். கட்டை விரிசல் விட்டு டேப் சுத்தியிருக்கு. எல்லாரும் சாப்பிடக் கூப்பிடறாங்க.”

ஃபோனை வைத்துவிட்டு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மனிதர் கண்ணெதிரே திருந்துவதைப் பார்க்கிறோம் என்று எனக்குச் சிலிர்த்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார்.

“ட்ரூடி, என்ன டேப்பா இருக்கும்?”

அடுத்த நவம்பருக்கு நோரீனின் துப்பாக்கிக் கட்டையில் சுற்ற இதுவரை நாலு வகை டேப் வாங்கிப் போயிருக்கிறார். துணி டேப்பா, மின்சார டேப்பா என்பதில் இன்னும் முடிவாகவில்லை. நோரீனுக்கு விஷயம் தெரியாது.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, ஆப்பிரிக்காவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது, இல்லையா? ‘இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்’ என்று தோன்றியதல்லவா?

அவரைக் கேட்டீர்களா?